மல்லாட்டைக்குள் ஏழு பேய்

"பேய்க்குத் தமிழ் தெரியாதாம்மா? எதுக்கு இங்கிலீஷ்லயே மிரட்டுது?"

வரிசையில் நின்ற ஒரு சிறுமி ஒருமுறை இப்படிக் கேட்டாள். அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். அன்று திண்டிவனத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி, கிள்ளு வாங்கிக்கொண்டு அடங்கிப்போனது.

அந்த வரிசை, உரக்கடை மாடியில் குடியிருந்த 'சிஸ்டம் சித்தர்' தேவநாதனைப் பார்ப்பதற்கு. கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸ் என்பது உண்மையில் பேய்தான், அதைத் தன்னால் மட்டுமே விரட்ட முடியும் என்பது அவர் வாக்கு. விழுப்புரம் பஸ்ஸில் ஜனங்கள் கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி, காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். முழங்கால் வலிக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய முனியம்மாள்கூட அதைத் தள்ளிப்போட்டுவிட்டு, பேரனின் பெட்டியோடு வந்திருந்தாள்.

சித்தர் போன வருஷம்வரை செல்போன் கவர் விற்றவர். ஞானம் எந்தத் தேதியில் வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. சுவரில் எல்லா மதத்துப் படங்களும் இருந்தன. வருகிறவர் எந்த மதம் என்று முன்கூட்டியே தெரியாதல்லவா?

வைத்தியம் இதுதான். பெட்டிமேல் எலுமிச்சம்பழம் உருட்டுவார். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார். திருநீறு ஊதுவார். பிறகு அங்கேயே திரையில் மாட்டிக் காட்டுவார். திரையில் துள்ளி வந்து பயமுறுத்தும் இங்கிலீஷ் கட்டங்கள் ஒன்றும் வராது. கைகூப்பிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால், மறுநாளே அத்தனையும் திரும்பி வந்து ஆடும். கேட்டால், "உங்க ஊட்டு வாசல் சரியில்லீங்க" என்பார். வாசலுக்குத் தனிக் கட்டணம்.

கடவுளை வணங்குகிறவர்கள்தான் முதலில் இவர்மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். பசித்தவனுக்குப் போடும் ஒரு பிடி சோற்றில் இருக்கிற தெய்வத்தை, இவர் எலுமிச்சம்பழத்துக்குள் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்தில் வீட்டிலிருந்தே டைப் அடித்துப் பிழைக்கும் ஆரோக்கியசெல்வியும் அவரிடம் போனாள். மருத்துவ மாணவி ஒருத்தியின் ஆய்வேட்டை மாதக்கணக்கில் டைப் செய்திருந்தாள். ஆய்வேடும் திருத்தங்களும் வைரஸ் புகுந்த அவள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன. மூன்றாம் தடவை போனபோது, இது பிடிவாதக்காரப் பேய், டிஸ்க்கைக் கழற்றி மரக்காணம் கடலில் கரைத்தால்தான் போகும் என்றார் சித்தர். அவள் அழுதாள். உசுரு பெருசா டைப்பிங் பெருசா என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தாள்.

பக்கத்து வீட்டு ஆர்த்தி அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அக்கா, என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

மறுநாள் இருவரும் ஒரு பெட்டியோடு திண்டிவனம் போனார்கள். சித்தர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடினார்.

"ஏழு இருக்குதும்மா."

"ஏழா சாமி?" என்றாள் ஆர்த்தி.

"ஆறு ஆம்பள, ஒண்ணு பொம்பள. அதுதான் பேஜாரு புடிச்சது. டிஸ்க்ல உக்காந்துகினு எறங்க மாட்டேங்குது. கழட்டிக் கடல்ல கரைக்கணும்."

"கழட்டுங்க சாமி. நானும் பார்க்கிறேன்."

பெண்கள் பார்க்கக் கூடாது என்றார் சித்தர். ஆர்த்தி கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, தானே மூடியைக் கழற்றிப் பெட்டியைச் சாய்த்தாள்.

சரசரவென்று மல்லாட்டை கொட்டியது, தோலுரிக்காத வேர்க்கடலை. டிஸ்க் இல்லை, ஒயர் இல்லை. பள்ளியில் ஒதுக்கிப்போட்ட வெறுங்கூட்டை, கனத்துக்காக மல்லாட்டையால் நிரப்பியிருந்தாள்.

முனியம்மாள் குனிந்து ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டாள். "நல்லா முத்தின மல்லாட்டைதான். இதுல எது சாமி பொம்பள?"

சற்றுமுன் 'குணமான' முனியம்மாளின் பெட்டி அங்கேயே திரையில் மாட்டியிருந்தது. ஆர்த்தி தன் போனிலிருந்து அதற்கு நெட் கொடுத்தாள். அடங்கியிருந்த கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துள்ளி வந்தன. "இந்த ரூம்ல நெட் கிடையாது. அதான் பேய் வாயத் தொறக்கல. அவ்ளோதான் இவரு மந்திரம்" என்றாள்.

பிறகு பொறுமையாக விளக்கினாள். ஒரு வைரஸை அழித்தால், மறைந்திருக்கும் இன்னொன்று நெட்டிலிருந்து அதை மறுபடி இறக்கிக்கொள்ளும். அதனால் நெட்டை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை அதன் சொந்த டிஸ்க்கில் எழுப்பாமல், சுத்தமான பென்டிரைவிலிருந்து எழுப்பி, இரண்டையும் தூக்கத்திலேயே பிடிக்க வேண்டும். அப்படியே செய்தும் காட்டினாள். மறுபடி நெட் கொடுத்தபோது திரை அமைதியாக இருந்தது. இலவசப் படம் என்று கண்டதையும் இறக்காதீர்கள், முக்கியமானதை இன்னோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள் என்றாள்.

இதேபோல டிஸ்க்கைக் கொடுத்திருந்தவர்கள் அந்தக் "கடல்" எங்கே என்று தேடினார்கள். பின் அறையில் ஒரு பீரோவாக இருந்தது. புதுச்சேரிக் கடைகளுக்கு விற்க டிஸ்க்குகளை அதில் அடுக்கி வைத்திருந்தார். ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைப் பார்த்து ஆளாளுக்குத் தங்களுடையதை எடுத்தார்கள். ஆரோக்கியசெல்வியினுடையது மட்டும் இல்லை. அது விற்றுப்போயிருந்தது.

நேற்றுவரை அவர் காலைத் தொட்ட கைகள் இப்போது அவர் கன்னத்தைத் தொட்டன. யோசிக்காமல் கும்பிட்டவர்களுக்கு, யோசிக்காமல் அடிப்பதும் சுலபமாக வந்தது. உதடு கிழிந்து தேவநாதன் சுவரோடு ஒண்டினார்.

நியாயமாக முதல் அடி ஆரோக்கியசெல்வியுடையதாக இருந்திருக்க வேண்டும். அவள் குறுக்கே போய் நின்றாள். "அடிச்சா என் டிஸ்க் வந்துருமா? வுடுங்க." தன் பாட்டிலைத் திறந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். முந்தானையால் அவர் உதட்டைத் துடைத்தாள். மாடிப்படிவரை கூடவே நடந்து, கீழே இறங்கிப் போகவிட்டாள். உனக்குப் பைத்தியமா என்று வரிசை கேட்டது.

அதற்குப்பின் அவள் அந்த மாணவிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், நினைவிலிருந்ததை முதல் பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கத் தொடங்கினாள். பாதி அட்டவணைகள் நினைவில் இல்லை.

ஒருநாள் விடியற்காலை தண்ணீர் பிடிக்க வந்தபோது, கேட்டின் உள்பக்கம் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கிடந்தது. பிரித்தாள். அவளுடைய டிஸ்க். மேலே புதுச்சேரிக் கடை ஒன்றின் விலை ஒட்டியிருந்தது. அவள் பெயரும் தெருவும் எழுதி ஒட்டிய சீட்டு கிழியாமல் இருந்தது. வைரஸும் பத்திரமாக இருந்தது. ஆர்த்தி அதைச் சாயங்காலத்துக்குள் துடைத்துக் கொடுத்தாள். ஆய்வேடு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

பொட்டலத்தை வைத்ததைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை. யார் வைத்தது என்று கேட்க ஆரோக்கியசெல்வி எந்தச் சாமியாரிடமும் போகவில்லை. கொஞ்சம் யோசித்தாள். தெரிந்துவிட்டது.