பியர்ஸின் கடைசி முப்பது பக்கங்கள்

எல்வுட் பீஸ்லி ஓவனிலிருந்து புத்தகத்தை வெளியே எடுத்தபோது அதன் தோல் அட்டை அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

பத்து மணிக்குக் கைதவறி அதன்மேல் காபியைக் கொட்டினார். பத்தரைக்கு, லேசான சூட்டில் காயட்டும் என்று உள்ளே வைத்தார். இரண்டு மணிக்கு மனைவி ஆர்லீனின் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் புத்தகம் அவள் கையருகே போயாக வேண்டும்.

அமெரிக்காவின் பதினான்காம் ஜனாதிபதி பிராங்ளின் பியர்ஸின் வாழ்க்கை வரலாறு அது. தங்க முலாம் பூசிய ஓரம், பட்டு நாடா. ஜனாதிபதிக்கு ஒரு தொகுதி என்று ஆர்லீன் தபாலில் வரவழைத்து அடுக்கி வைத்திருந்தாள். படுக்கையில் விழுந்த பிறகு, எதை வாசிக்கட்டும் என்று எல்வுட் கேட்க, அவள் கைகாட்டியது இதைத்தான். நியூ ஹாம்ப்ஷயரிலேயே பிறந்து வளர்ந்தும், தன் மாநிலத்து ஜனாதிபதி என்ன செய்தார் என்று எல்வுட்டுக்கு அதுவரை தெரியாது.

ஏழு மாதம், தினமும் மதியம் ஒரு மணி நேரம் வாசித்தார். சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டியே ஓய்வு பெற்றவர் அவர். ஒவ்வொரு வாக்கியமும் மேடேறுவது போல இருந்தது. நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தால் தலையசைப்பாள். தொடர்வார். ரயில் விபத்தில் பியர்ஸ் மகனைப் பறிகொடுத்த பக்கத்தில் அவர் நிறுத்திக் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆர்லீன் புன்னகை மாறாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நெஞ்சுரம் என்று வியந்தார். முப்பது பக்கம் மிச்சமிருக்கையில் அவள் போய்விட்டாள்.

வளைந்த புத்தகத்தைத் துண்டில் சுற்றித் தன் வண்டியின் முன்சக்கரத்தடியில் வைத்தார். முப்பது வருஷம் அங்குலம் பிசகாமல் ஓட்டிய கை; மெல்ல ஏற்றினார். அட்டை நேரானது. புத்தகத்தின் முதுகு படக்கென்று முறிந்தது. முறிந்த இடத்தைப் பசை போட்டு ஒட்டி, வெடிப்பு தெரியாமலிருக்கக் கறுப்பு ஷூ பாலிஷைத் தேய்த்தார். பழுப்புப் புத்தகம் இப்போது மழையில் கிடந்த பூட்ஸ் மாதிரி ஆனது.

வேறு பிரதி கிடைக்குமா என்று, சேகரிப்பாளர்களுக்கு விற்கும் பழைய புத்தகக் கடைக்குப் போன் செய்தார். கடைக்காரர், பிரிக்காத உறையோடு ஒன்று இருக்கிறது, ஆனால் அடுத்த வாரம்தான் அனுப்ப முடியும் என்றார். பிறகு கேட்டார்:

"உங்க பிரதி எப்படி இருக்கு? யாராவது திறந்து படிச்சிருக்காங்களா?"

"ஏழு மாசம் படிச்சோம்."

"அடடா. அப்பவே கெட்டுப்போச்சு சார்."

அழைத்துப்போக வந்த மைத்துனி டோரிஸ், புத்தகத்தையும் அவர் கறுத்த விரல்களையும் பார்த்தாள்.

"பேசாம ஒரு பூவை வெச்சிடலாம், எல்வுட்."

"உன் அக்கா ஏழு மாசமா கேட்டது பூவை இல்ல, டோரிஸ்."

அவள் காரைக் கிளப்பினாள்.

இறுதிச்சடங்கு நிலையத்தில் அவர் ஆர்லீனின் கையை மெல்லத் தூக்கி, அடியில் புத்தகத்தைச் செருகினார். வெளிர்நீலச் சட்டையின் கைப்பட்டியில் பாலிஷ் அப்பியது. கைக்குட்டையால் துடைத்தார். காசளவு இருந்த கறை உள்ளங்கையளவு ஆயிற்று. எச்சில் தொட்டுத் துடைத்தார். முழங்கை வரை போனது. டோரிஸ் தன் சால்வையைக் கழற்றி அதன்மேல் போர்த்தினாள். எல்வுட் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, மனைவி இறந்த பிறகு முதன்முறையாக அழுதார்.

வீட்டுக்கு வந்து ஆர்லீனைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் யோலண்டா பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"கடைசி முப்பது பக்கம் கேக்காமலே போயிட்டாம்மா," என்றார் எல்வுட். "அந்தப் புத்தகத்தையும் நான் நாசமாக்கிட்டேன்."

யோலண்டா அவர் காதருகே குனிந்தாள்.

"அவங்க ஒரு பக்கம்கூட கேக்கல சார். நீங்க வர்றதுக்கு முன்னாடியே காது மெஷினைக் கழட்டி என்கிட்ட குடுத்துடுவாங்க. 'கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல என் எதிர்ல உக்காந்ததில்ல, இருக்கறதுலயே தடியான புத்தகமாப் பாத்து எடுத்திருக்கேன்'னு சொன்னாங்க."