மணி இல்லாத சைக்கிள்

கார் சாவியை மீட்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று அன்று காலை சபதம் செய்தேன். காபி அதில் சேராது.

என் மனைவி யோகேஸ்வரி கார் ஓட்டக் கற்றாள். கற்றதோடு நில்லாமல் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் சிவகாசியில் காலண்டர் ஆர்டர் பிடிக்கிறவன். படிப்பு ஆறாம் வகுப்போடு முடிந்தது. பேரம் இன்னும் முடியவில்லை. தொண்டை கிழியக் கத்தி ஒப்பந்தம் போட்டேன். ஒரு வாரத்துக்குள் அவள் எதிலாவது மோதி, தப்பும் அவள் பேரில் இருந்தால் சாவி எனக்கு. இல்லாவிட்டால் அவளுக்கே.

ஆறு நாள் ஓடிவிட்டது. ஒரு கோழிகூடச் சிக்கவில்லை. சரி, நானே கோழியாகிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நம் ஊர்ச் சட்டம் தெரியும்தானே? சைக்கிளும் காரும் முட்டினால் பெரிய வண்டிதான் குற்றவாளி. விசாரணையே கிடையாது. எதிர்வீட்டு வேதமாணிக்கம் வாத்தியாரிடம் அந்த ஆறாம் நாளே சைக்கிளை இரவல் கேட்டு வைத்தேன். போன ஐப்பசியில் நான் காரால் தட்டிய அதே சைக்கிள். அன்றைக்கு மட்டும் அந்தச் சட்டத்துக்கு நான் கட்டுப்படவில்லை. "மணி அடிக்காம திரும்புனா சைக்கிள்காரன் மேலதான்யா தப்பு" என்று தெருவே அதிர ஏசினேன். வளைந்த சக்கரத்துக்கு ஈடாக ஒரு புத்தாண்டுக் காலண்டர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தேன். அதிலும் ஆத்திரம் அடங்காமல், ஒரு தினசரித் தாளின் அடியில் பொன்மொழி வருகிற இடத்தில் நான் ஏசியதையே அச்சடித்திருந்தேன்.

ஏழாம் நாள், கடைக்குப் போன யோகேஸ்வரியின் கார் தெருவுக்குள் திரும்பியது. சைக்கிளைக் குறுக்கே விட்டேன். பூப்போல ஒரு இடி. விழுந்தது மட்டும் என் சொந்தத் திறமை.

"ஐயோ, இடுப்பு போச்சே. சாவியைக் குடு."

"இடுப்பே போனபெறகு சாவியை எங்கன செருகுவீக?"

"பேச்சை மாத்தாத. பெரிய வண்டி யாருது? தப்பு உன் மேலதான்."

"மணி அடிச்சீகளா?"

கைப்பிடியைத் தடவினேன். மணி இல்லை.

"சார், இங்கன கொஞ்சம் வாங்க" என்றாள்.

வாத்தியார் தன் வாசலில் தயாராக நின்றிருந்தார், கையில் காலண்டர் தாளோடு. வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல் நிதானமாக வாசித்தார்.

"'மணி அடிக்காமல் திரும்பும் சைக்கிள்காரனே குற்றவாளி.' மார்ச் பதினொண்ணு. நீங்க அச்சடிச்சதுதான், நல்லசிவம்."

"ஏன்யா வாத்தியாரே, அன்னைக்கு அம்புட்டு ஏச்சு வாங்கியும் ஒரு மணி மாட்டத் தோணலையா?"

"மறுநாளே மாட்டிட்டேனே. நேத்து நீங்க சைக்கிள் கேட்டதை உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேன். அவுகதான் வந்து மணியைக் கழட்டி வாங்கிட்டுப் போனாக."

காருக்குள்ளிருந்து கிணிங் கிணிங் என்று சத்தம் கேட்டது.

"ஓரமா நில்லுங்க. வண்டியப் பின்னால எடுக்கணும்."