இங்கிலீஷ்கார வண்டியும் என் காந்தமும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

இங்கு நலம், உங்கள் நலம் அறிய ஆவல். ஆனா ஒண்ணு, அந்தக் கார்ல ஓட்டை விழுந்ததுக்கு முழுக் காரணம் நீங்கதான். கத்திட்டு டக்குன்னு போனை வச்சுட்டா நியாயம் உங்க பக்கம் வந்துடுமா? அதான் கடிதம். நான் சொல்லச் சொல்ல உங்க அத்தை எழுதுறா.

"பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாமா, வாங்குறதுக்கு முன்னாடி நீங்க ஒரு எட்டு பாத்துட்டு வாங்க, துருவை மறைச்சுப் பட்டி பார்த்திருப்பாங்க, அந்த இடத்துல காந்தம் ஒட்டாது"ன்னு சொன்னது யாரு? நானும் காந்தத்தோட போனேன். விக்கிறவர் பல் டாக்டர். எனக்கு அப்பவே சந்தேகம், சொத்தையை அடைக்கிறது அவருக்குத் தொழிலாச்சே. கதவுல வச்சேன், ஒட்டுச்சு. பின்னால வச்சேன், ஒட்டுச்சு. முன்னால பானெட்ல வச்சேன், வழுக்கிக் கீழ விழுந்துச்சு. "மாட்டினாருடா டாக்டர்"னு ஸ்க்ரூடிரைவரை வச்சு ஒரே குத்து. உள்ள போயிடுச்சு. மனுஷன் அப்படியே படியில உக்காந்துட்டார். "ஐயா, அது அலுமினியம். காந்தம் எப்படி ஒட்டும்?"னு அழாத குறை. அலுமினியத்துல ஒட்டாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?

சரி, குத்துனது குத்தியாச்சுன்னு மீதியையும் பாத்தேன். அடியில சொட்டுற எண்ணெய்க்குத் தட்டு வச்சிருக்கார், அதையும் பல் பாக்கிற இடத்துல வாய் கொப்பளிச்சுத் துப்புற தொட்டி மாதிரி பளபளன்னு. கால் வைக்கிற இடத்துல விரிப்பைத் தூக்கினேன். தரை தெரிஞ்சுது மாப்பிள்ளை! வண்டித் தரை இல்ல, பூமித் தரை. எறும்பு ஒண்ணு என்னை அண்ணாந்து பாத்துச்சு. டாக்டர் விட்டத்தைப் பாத்தார். வயரெல்லாம் எலி பின்னின சடை. அதனால சின்ன வயசு ஆசை, கனவுன்னு புலம்பாம அந்த வண்டியை மறந்துடுங்க. என் பொண்ணு நிம்மதியா இருக்கட்டும்.

வீட்டுல எல்லாரும் ஒரு தும்மல்கூட இல்லாம நல்லா இருக்கணும்னு வாழ்த்தும்,
உங்கள் மாமனார்

பி.கு.: இது என் கையெழுத்து, பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. வண்டியை நானே பேசி முடிச்சுட்டேன், நாளைக்கு இழுத்துட்டு வராங்க. ஓட்டை போட்டுட்டோமேன்னு பயந்து வாங்கினதில்ல. ஸ்டியரிங்கைப் பிடிச்சு உக்காந்ததும் எந்திரிக்க மனசே வரலை. இதை எழுதுன்னு சொன்னதும் உங்க அத்தை பேனாவைப் போட்டுட்டு எந்திரிச்சுட்டா. "இருடி, அதுல ரெண்டே சீட்டுதான், ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு..."ங்கிறதுக்குள்ள போயிட்டா.