பெட்டி மேல் பெட்டி

ரயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டு ரயிலைப் பற்றி யோசித்தவர்கள் நாட்டில் எத்தனையோ பேர் இருக்கலாம். சம்பளமும் வாங்காமல், சொந்தக் காசில் சீசன் டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு, தூக்கத்திலும் ரயிலைப் பற்றியே யோசித்த மனிதர் எங்கள் பொம்மிடி மாடிரயில் பாய் ஒருவர்தான். இதை மறுக்க நினைப்பவர்கள், எண்பதுகளில் பொம்மிடியிலிருந்து சேலத்துக்குக் காலைப் பாசஞ்சரில் ஒரு தடவையாவது போயிருக்க வேண்டும். உயிரோடு இறங்கியிருந்தால் மேற்கொண்டு பேசிக்கொள்ளலாம்.

நான் அப்போது சேலத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. தினமும் அந்த வண்டிதான். ஜோலார்பேட்டையிலிருந்து வரும்போதே அது பிதுங்கிக்கொண்டு வரும். ஏறுவது நம் கையில் இல்லை, பின்னால் நிற்பவர் மனசு வைத்துத் தள்ள வேண்டும். ஏறிய பிறகு ஒரு கால் தரையில் இருக்கும், இன்னொரு கால் யாருடையது என்று தெரியாது. ஒருநாள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தேன். "சார், அது என்னோடதுங்க. தொடச்சாச்சுன்னா மடிச்சு உள்ள வெச்சிருங்க" என்றார் பக்கத்தில் நின்றவர். பையும் அவருடையதுதான்.

பாய்க்குக் கடைவீதியில் தகரக் கடை. ட்ரங்குப் பெட்டி செய்து விற்பவர். பம்பாய்க்குப் போய் வந்த அவருடைய மச்சான், அந்தப் பக்கம் மாடி வைத்த ரயில் ஒன்று கரண்டில் ஓடுவதாகவும், கீழே ஒரு கூட்டம் மேலே ஒரு கூட்டமாக ஜனங்கள் சௌகரியமாக உட்கார்ந்து போவதாகவும் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. யாரைப் பார்த்தாலும் மாடி ரயில்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"சார், நான் என்ன வேலை செய்யறேன்?" என்று என்னைக் கேட்டார்.

"பெட்டி செய்யறீங்க பாய்."

"ரயில் செய்யறவங்க என்ன செய்யறாங்க?"

"அவங்களும் பெட்டிதான்."

"அவ்வளவுதானுங்க! என் பெட்டியில சீலையை வெக்கறாங்க, அவங்க பெட்டியில ஆளை வெக்கறாங்க. கடையில எடம் பத்தலைன்னா நான் என்ன செய்யறேன்? பெட்டி மேல பெட்டியைத் தூக்கி வெக்கறேன். சின்னப் புள்ளைக்குத் தெரியற விஷயம். இத்தினி பெரிய ரயில்வேக்குத் தெரியலியேங்க!"

பெட்டி என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் ரயில்வேக்கே பங்காளி ஆகிவிட்டார். டீசல் என்ஜின் மாடியை இழுக்காது, கரண்டு வண்டிதான் வேண்டும் என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. "ஸ்விட்சைப் போட்டா கெளம்பிரும். லோக்கூர் மேட்டுல நின்னு மூச்சு வாங்காது" என்பார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வண்டி லோக்கூர் மேட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு கூட்டத்திலும் அவர் தினம் ஒரு ட்ரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுவார். வண்டியே திட்டும். விற்கத்தான் கொண்டுபோகிறார் என்று முதலில் நினைத்தேன். சாயங்காலம் அதே பெட்டி திரும்பி வந்தது. மறுநாளும் போய்த் திரும்பி வந்தது. இவ்வளவு மோசமான வியாபாரியை நான் பார்த்ததில்லையே என்று எட்டிப் பார்த்தேன். கதவோரத்து மூலையில் பெட்டியை வைத்து, அதன்மேல் தன் மகளை உட்காரவைத்து, இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, முதுகால் மொத்தக் கூட்டத்தையும் தாங்கிக்கொண்டு நின்றார் பாய். மகள் ஷமீம் சேலத்துக் காலேஜில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நெரிசலிலும் மடியில் நோட்டு விரித்துக் கணக்குப் போடுவாள். அவளைக் காலேஜில் விட்டுவிட்டு, வாசலில் உள்ள வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து கூட்டிவருவது பாயின் உத்தியோகம். கடை பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும். வீடு திரும்பியதும் தகரம் தட்ட ஆரம்பிப்பார். தெருக்காரர்கள் தூக்கத்தைத் தியாகம் செய்து ஒரு பெண்ணைப் படிக்கவைத்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா இது? இதுக்கு லக்கேஜ் போட்டியா?"

"லக்கேஜ் இல்லீங்க, சீட்டு."

"சீட்டா? எடு, பாக்கலாம்."

"எந்திரிம்மா, ஐயா சீட்டைப் பாக்கணுமாம்" என்று மகளை எழுப்பிப் பெட்டியைக் காட்டினார் பாய். பரிசோதகருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் கூட்டம் அவரை அடுத்த கதவுக்குக் கொண்டுபோய்விட்டது.

இதில் தைரியம் வந்து, அடுத்த வாரமே இரண்டு பெட்டிகளோடு வந்துவிட்டார். ஒன்றின்மேல் ஒன்று. "இதாங்க சாம்பிள்" என்று ஷமீமை உச்சியில் ஏற்றினார். "அத்தா, மாடியெல்லாம் வேண்டாம், நான் நின்னுக்கறேன்" என்று அவள் கெஞ்சினாள். யார் கேட்டார்கள்? லோக்கூர் வளைவில் வண்டி சாய்ந்தது. ஷமீம் மேல்பலகையைப் பிடித்துத் தப்பித்தாள். மேல்பெட்டி நேராகப் போய்க் கோவிந்தனின் வெற்றிலைக் கூடையில் இறங்கியது. கோவிந்தன் கடத்தூர்ப் பக்கத்து விவசாயி, சேலம் மார்க்கெட்டுக்கு வெற்றிலை கொண்டுபோகிறவர்.

"யோவ் பாய்! உன் மாடி இடிஞ்சு என் வெத்தலை கூழாப்போச்சுய்யா!"

"அஸ்திவாரம் சரியில்லீங்க கோவிந்தண்ணே. பிளான்ல தப்பில்லை" என்றார் பாய், வெற்றிலையைப் பொறுக்கியபடி.

கோவிந்தன் அதற்குப் பழிவாங்கினார். மாடி ரயிலில் யாரும் யோசிக்காத ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். "ஏன் பாய், மேல ஒக்காந்து போறவன் வெத்தலை போட்டுத் துப்பினா, கீழ தலை நீட்டறவன் கதி என்ன?" வண்டியே கைகொட்டிச் சிரித்தது. பாய் ஆடிப்போனார். இரண்டு நாள் அந்த வெற்றிலைக் கூடையையே முறைத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் முகம் தெளிந்து வந்து, "மேல்மாடி பொம்பளைங்களுக்கு மட்டுந்தானுங்க. ஆம்பளைங்க எல்லாம் கீழ" என்றார். "எங்க ஆத்தா போடற வெத்தலையை நீ பாத்ததில்லை" என்றார் கோவிந்தன்.

நாங்கள் சிரித்தோம். பொழுதுபோகாத ஊரில் ஒரு கிறுக்கர் கிடைத்தால் வேறென்ன செய்வோம்? ஆனால் பெண்களுக்கு மட்டுமான அந்த மேல்மாடி எச்சிலுக்குப் பயந்து போட்டது இல்லை என்பது, ஒரு மழைநாளில் சிக்னல் கிடைக்காமல் வண்டி நெடுநேரம் நின்றபோதுதான் தெரிந்தது.

"எங்கண்ணன் தருமபுரியில பாத்திரக்கடை வெச்சிருக்காருங்க" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார் பாய். "எங்கத்தா போனப்புறம் என்னை வளத்ததே அவருதான். வயசுக்கு வந்த புள்ளை இந்த ஆம்பளைக் கூட்டத்துல இடிபட்டுப் போவக்கூடாது, படிப்பை நிறுத்துன்னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அண்ணே, கூட்டமெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான், கரண்டு ரயில் வருது, மாடி வெச்சது, மேல பொம்பளைங்களுக்கு மட்டும்னு சொல்லிப்புட்டேன். சரி, அது வர்ற வரைக்கும் நீ கூடவே போய் வா, வராதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே நிறுத்திரணும்னாரு."

"முடியாதுண்ணே, புள்ளை படிக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே பாய்?"

ஓடும் வண்டியிலிருந்து குதிக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். "அண்ணன்கிட்ட போயி முடியாதுன்னு எப்படிங்க சார் சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. 'முடியாது' என்கிற ஒரு வார்த்தை வாயில் வராததால், அதற்குப் பதிலாக இந்த மனிதர் ஒரு ரயிலையே கட்டி, மாடி வைத்து, கரண்டும் இழுத்திருக்கிறார். ஷமீமுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "மாடியும் வராது ஒண்ணும் வராதுங்க சார்" என்றாள் ஒருநாள் என்னிடம். "நம்பலைன்னு காட்டிக்கிட்டா அது எப்படியாச்சும் பெரியத்தா காதுக்குப் போயிரும். அதனால நானும் எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்." அப்பனும் மகளும் ஒருவருக்கொருவர் நாடகம் போட்டுக்கொண்டு இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். மூன்றாவது வருஷம் கடைசி வருஷம்.

அந்த வருஷம்தான் உண்மையாகவே கரண்டு வந்து தொலைத்தது. பாதை நெடுகக் கம்பம் நட ஆரம்பித்தார்கள். ஸ்டேஷனைத் தாண்டித் தண்டவாளத்துக்கு மேலே மாட்டுவண்டி போகும் பழைய பாலம் ஒன்று இருந்தது. ஒருநாள் அதை இடித்து உயர்த்திக் கட்ட ஆரம்பித்தார்கள். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. "சார், பாலத்தை எதுக்குங்க ஒசத்தறாங்க? இத்தினி வருசம் வண்டி அடியில போகலியா? இப்ப ஏன் பத்தலை? வர்ற வண்டி ஒசரம்! மாடி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அண்ணனுக்குச் சொன்ன பொய் தானாகவே நிஜமாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் மனிதர் அழுதார். நான் அரசாங்க ஊழியன்தான், ஆனால் பாலம் ஏன் உயர்கிறது என்று எனக்கும் தெரியாது. ஒருவேளை வந்துவிடுமோ என்று கோவிந்தன்கூடப் பயந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணனுக்கு ஆள் அனுப்பினார், கண்ணால் வந்து பார்க்கச் சொல்லி. பரீட்சைக்குக் கொஞ்ச நாளே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை வேட்டியும் குடையுமாகப் பெரியவர் வந்து இறங்கினார். கவர்மெண்டு சாட்சியாக என்னையும் பாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனார் பாய். வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த இளம் இன்ஜினியரிடம் பெரியவரே மரியாதையாகக் கேட்டார். "தம்பி, மாடி வெச்ச வண்டி எப்ப வருதுங்க?"

"மாடியா?" அந்தப் பையன் சிரித்துவிட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? "ஒயர் போறதுக்குங்க பெரியவரே. வண்டிக்கு மேல கரண்டு ஒயர் வரும், அதுக்குத்தான் பாலத்தை ஒசத்தறோம். வண்டி அதே பழைய வண்டிதான். இனிமே கூரை மேல காக்காகூட ஒக்கார முடியாது."

நான் பாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பெரியவர் கத்தவில்லை, திட்டவில்லை. குடையை மெதுவாக மடித்தார். "நாளையிலேர்ந்து புள்ளை போவ வேணாம்" என்றார்.

"ஐயா, பரீட்சை நெருங்கிடுச்சுங்க. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தீங்கன்னா முடிச்சிடும்" என்று நான் இடையில் விழுந்தேன்.

"உங்க புள்ளையா இருந்தா அந்தக் கூட்டத்துல அனுப்புவீங்களா?"

"அனுப்புவேனுங்க."

"பொம்பளைப் புள்ளை இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

அவர் என்னை விட்டுத் தன் தம்பியின் பக்கம் திரும்பினார். பாயின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு வார்த்தை. மூன்றெழுத்தோ நாலெழுத்தோ. பாய் வாயைத் திறந்தார். "சரிண்ணே" என்றார். ரயிலுக்கே மாடி கட்டிய மனிதருக்கு அதற்குமேல் வரவில்லை.

திங்கட்கிழமை வண்டியில் அவர்கள் இல்லை. செவ்வாயும் இல்லை. எங்களுக்குத் திட்ட ஆளில்லை. ஷமீமுக்கு வாணியம்பாடியில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சேதி வந்தது. கணக்குப் புத்தகங்களைக் கட்டி மேலே போட்டுவிட்டாளாம், கேட்டால் சிரிக்கிறாளாம். அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு ஆபீசில் ஒரு கூட்டல்கூடச் சரியாக வரவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து பாய் தனியாக வந்து ஏறினார். கையில் ஒன்றுமில்லை. காலேஜில் மகளுடைய சர்ட்டிபிகேட்டை வாங்கப் போகிறாராம். வழக்கமான கதவோரத்து மூலைக்கு வந்து, பழக்க தோஷத்தில் இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, முதுகைக் கூட்டத்துக்குக் கொடுத்து நின்றார். இடையில் யாருமில்லை. ஒரு ஆள் தாராளமாக உட்காரும் இடம். எள் போட்டால் எள் விழாத அந்த வண்டியில், முழங்கையால் விலாவை இடித்து இடம் பிடிக்கிற எங்களில் ஒருவர்கூட அங்கே கால் வைக்கவில்லை. புதிதாக ஏறிய ஒருவன் புகப் பார்த்தான். கோவிந்தன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அங்க ஆள் இருக்குதுய்யா" என்றார். பாய்தான் எங்களைப் பார்த்து, "ஏனுங்க எல்லாம் தள்ளியே நிக்கறீங்க? எடம் கெடக்குதே, வாங்க" என்று கூப்பிட்டார். சேலம் வரைக்கும் யாரும் போகவில்லை.

அவருடைய ரயில் மட்டும் வந்திருந்தால், நான் ஆயுசு பூராவும் கீழ்த்தட்டில் நின்றுகொண்டே போயிருப்பேன்.