வீடு வீடாகத் தவழ்ந்த நாலுகால் நைனா

உத்திரமேரூர் வட்டாரத்தில் நடந்து பேர் வாங்கியவர்கள் உண்டு. மைக் பிடித்துப் பேர் வாங்கியவர்கள் அதைவிட அதிகம். தவழ்ந்து பேர் வாங்கியவர், மானாம்பதிப் பக்கத்து எங்கள் ஊர் நாலுகால் நைனா ஒருவர்தான்.

பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். கைக்குழந்தை இருக்கிற வீடாகப் பார்த்து நுழைவார். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி, மண்டி போட்டுத் தவழ ஆரம்பித்துவிடுவார். கட்டிலடி, பீரோ இடுக்கு, அடுப்படி எதுவும் பாக்கியில்லை. குழந்தை உயரத்தில் இருந்து பார்த்தால்தான் குழந்தைக்கு எது ஆபத்து என்று தெரியும் என்பது அவர் கட்சி.

"எம்மா, இந்த ப்ளக் பாயிண்ட்டு என் மூக்குக்கு நேரா கீது. மொதல்ல அத்த மூடு!" என்று கட்டிலடியிலிருந்து குரல் மட்டும் வரும்.

ஒருமுறை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தலை மாட்டிக்கொண்டது. இழுத்துவிட வந்த மகளிர் குழுப் பெண்களுக்குச் சிரித்து மாளவில்லை. "சிரிச்சிக்கினு நிக்கிறீங்களே, புள்ள தல மாட்டினா இன்னா பண்ணுவீங்க?" என்று மாட்டியபடியே கூட்டம் நடத்தினார். தலை வெளியே வருவதற்குள் மகளிர் குழு, அங்கன்வாடி டீச்சர், கிராம நர்ஸ் எல்லாரும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். தெருவில் திறந்து கிடந்த தண்ணீர்த் தொட்டிகளுக்கெல்லாம் மூடி வந்தது.

அதோடு நின்றிருக்கலாம். நைனா ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஊர்த்தெரு வீட்டைக் காலனிக்காரர் தவழ்ந்து பார்க்க வேண்டும், காலனி வீட்டை ஊர்த்தெருக்காரர். அவர் பேத்தி, வடித்த கஞ்சியில் கை வைத்துச் சுட்டுக்கொண்டபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். "நம்ம வூடு நம்ம கண்ணுக்குத் தெரியாது" என்பதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

அந்தச் சட்டம் எங்கள் வாசலில்தான் முட்டிக்கொண்டது. என் மகள் அப்போது தவழ்கிற குழந்தை. காலனியிலிருந்து மேரியை அழைத்துக்கொண்டு வந்தார் நைனா. என் அப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"நைனா, நீ வா. அவங்க எதுக்கு உள்ள?"

"நான் போன மாசம் தவழ்ந்தேனே, ஒண்ணும் தெரியல. என் வூடும் உன் வூடு மாதிரிதான், எனக்குத் தப்பு கண்ணுல படாது."

"அந்தப் பழக்கம் நம்ம வூட்ல இல்ல."

"சரி, அப்ப நான் இங்கியே கீறேன்" என்று வாசலில் நாலுகாலில் நின்றுவிட்டார்.

பால்காரர் வண்டியை நிறுத்தினார். டவுன் பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் மகளுக்கு ஒரே கொண்டாட்டம். தவழ்ந்து போய் நைனாவின் மூக்கைப் பிடித்தாள். இருக்கிற கௌரவமாவது மிஞ்சட்டும் என்று அப்பா ஒதுங்கினார். "பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ!"

மேரி உள்ளே வந்து மண்டி போட்டார். தானாக எங்கும் போகவில்லை, என் மகள் போன வழியே பின்னால் போனார். மகள் நேராக நெல் மூட்டைகளுக்குப் பின்னால் புகுந்து ஒரு கலர் சோடா பாட்டிலை உருட்டி விளையாட ஆரம்பித்தாள். மேரி அதைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.

"பெரியவரே, இது களைக்கொல்லி மருந்து. மூடி லூசா கீது."

வயலுக்கு அடித்தது போக மிஞ்சிய மருந்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி அங்கே வைத்தவர் அப்பாதான். பேத்தியைத் தூக்கிப் போய் அவள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் கழுவினார். பிறகு மேரியிடம் கேட்டார்: "உன் வூட்லயும் சின்னப் புள்ள கீதா?"

"கீறான். இப்பதான் தவழ்றான்."

அடுத்த ஞாயிறு, வெள்ளை வேட்டியோடு என் அப்பா காலனியில் மேரி வீட்டுக் கட்டிலடியில் தவழ்ந்தார். "பொறுமையா, பொறுமையா, இடுப்பு புடிச்சிக்கப் போவுது" என்று நைனா மேற்பார்வை பார்த்தார்.

நைனாவுக்கு இப்போது முட்டி போய்விட்டது. தவழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். தெருவில் அவரைக் கண்டால் "ஏய், நாலுகாலு!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிறாள். பெரியவரை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அவள் அப்படி ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், எனக்கும் போய் அவரைக் கட்டிக்கொள்ளத்தான் தோன்றுகிறது.