பேட்டரி போட்ட வேட்டைக்காரர்

அமெரிக்காவில் எங்கள் மொன்டானா மாநிலத்து மலைப்பக்கத்தில் கரடி உண்டு, ஓநாய் உண்டு, மலைச்சிங்கமும் உண்டு. இவற்றைப் பற்றியெல்லாம் அரசாங்கம் ஆங்காங்கே பலகை வைத்து எச்சரித்திருக்கிறது. ஆனால் செப்டம்பர் பிறந்ததும் மலைப்பாதை வண்டி நிறுத்துமிடங்களில் கூட்டம் கூட்டமாகத் தென்படும் இன்னொரு ஜீவனைப் பற்றி ஒரு பலகையும் கிடையாது. அவர்தான் மின்சார சைக்கிள் வேட்டைக்காரர். பலகை வைக்காத குறையை இந்தக் கட்டுரை தீர்க்கட்டும்.

இவரை அடையாளம் காண்பது எளிது. தலை முதல் கால் வரை இலையும் சருகும் அச்சடித்த உடுப்பு. காட்டில் யார் கண்ணிலும் படாமலிருப்பதற்காக வாங்கியது; அதைப் போட்டுக்கொண்டு எல்லோர் கண்ணிலும் படும்படி விடியற்காலையிலிருந்து ஒரே இடத்தில் நிற்பார். பக்கத்தில் அவருடைய வாகனம். கொழுத்த டயர்கள், அதற்கும் இலையும் சருகும் போட்ட பெயின்ட், வேட்டைக்கான வில்லும் அம்பும் மாட்ட ஒரு கொக்கி, தண்ணீர்ப் புட்டிக்கு ஒரு வளையம், எதற்கென்று அவருக்கே தெரியாத இன்னொரு வளையம், பின்னால் மானை ஏற்றிவர ஓர் இழுவண்டி. நீங்கள் சும்மா போகிற போக்கில் தலையசைத்தால் போதும். "சத்தமே வராது பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். சத்தம் வராதது சைக்கிளுக்கு. அவருக்கு வரும்.

உதாரணத்துக்கு எங்கள் ஊர்ப் பல் டாக்டர் வெண்டல் ட்வீட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். வசந்த காலத்தில் சைக்கிள் வாங்கினார். அன்றிலிருந்து அவரிடம் பல் காட்டப் போன அத்தனை பேருக்கும் அந்த சைக்கிளின் மோட்டார், கியர், பிரேக் எல்லாம் மனப்பாடம். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர் எப்படி மறுத்துப் பேசுவார்? "மேடுன்னு ஒண்ணு இனிமே கிடையாதுங்க" என்பார் வெண்டல். "எல்க் மானுக்கு மனுஷ வாடை காலடித் தடத்துலதான் கிடைக்கும். டயர்ல ஏது வாடை?" என்பார். படுத்திருப்பவர் "ஆ" என்பார். அதை வெண்டல் வியப்பென்று எடுத்துக்கொள்வார்.

சுமை குறைக்கிற விஷயத்தில் இந்த ஜாதி மிகவும் கறார். வெண்டல் தன் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து எறிந்தார். அந்த அரைப் பிரஷ்ஷைப் பையில் போட்டு, பையை ஒரு கன்றுக்குட்டி எடையுள்ள சைக்கிளில் மாட்டினார். மனத்துக்குத் திருப்தியாக இருந்தது.

அவருடைய அக்கா ரோண்டா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். அவரும் கணவர் ஓரினும் வருஷா வருஷம் நடந்தே போய் வேட்டையாடுகிறவர்கள். இரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக் குளிர்பெட்டியும் காலி. எங்கள் பக்கத்தில் ஒரு எல்க் விழுந்தால் குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்கக் கவலையில்லை. விழாவிட்டால் கடைக் கோழிதான்.

"இந்த வருஷமும் கோழின்னா நானே முட்டை போட ஆரம்பிச்சிருவேன்டா" என்றார் ரோண்டா.

"கவலையை விடுக்கா. எத்தனை தூரத்துல விழுந்தாலும் வண்டி இழுத்துட்டு வந்துரும்."

செப்டம்பரில் மூவரும் மலைமேல் வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகே முகாம் போட்டார்கள். அங்கே வெண்டல் செய்தது என்ன? வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, "சும்மா ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க" என்று ஏற்றி அனுப்பினார். வேண்டாம் என்றவர்களையும் விடவில்லை. அதே பேட்டரியில் காப்பி போட்டார், ஓரினின் ஈர பூட்ஸைக் காயவைத்தார், முன்பின் தெரியாதவர்களின் கைபேசிகளுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். அன்னதானம் செய்கிற முகம் அவருக்கு.

மறுநாள் விடியும்போது மலைமுகட்டுப் பாதையில் மூவரும் நின்றார்கள். கீழே பள்ளத்தாக்கில் ஓர் ஆண் எல்க் கத்தியது. மரம் ஏற்றுவதற்காக வெட்டி, வண்டிகளுக்கென்று திறந்துவிட்ட பழைய பாதை ஒன்று ஓடை வரைக்கும் இறங்குகிறது. சரியான செங்குத்து.

"யோசிச்சுக்கோடா. கீழ அடிச்சா மேல ஏத்தணும்" என்றார் ரோண்டா.

"அதுக்குத்தானேக்கா இது!"

இறக்கத்தில் வெண்டலின் வாகனம் வழுக்கிக்கொண்டு போனது. உண்மையிலேயே சத்தம் வரவில்லை. அவருக்கு உள்ளம் துள்ளியது. மற்ற இருவரும் முழங்கால் நோக நடந்து வந்து சேர்ந்ததும், ரோண்டா பின்னால் மறைந்து நின்று பெண் மானைப்போல் குழல் ஊதினார். மரங்களுக்கு நடுவே கொம்பு தெரிந்தது, பிறகு கழுத்து, பிறகு முழு மான். வெண்டலுக்குச் சைக்கிள் மறந்துவிட்டது, ஊர் மறந்துவிட்டது, மூச்சு விடவும் மறந்துவிட்டது. அம்பு சரியாகப் பாய்ந்தது. மான் ஓடையோரம் வரை ஓடி விழுந்தது. அவர் பக்கத்தில் போய் மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றி, அதன் கழுத்தை மெல்லத் தடவிக்கொடுத்தார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் பிடித்திருக்கும்.

தோலை உரித்து, கறியைப் பகுதி பகுதியாகத் துணிப் பைகளில் கட்டி நிழலில் தொங்கவிட்டார்கள். வெயில் ஏறத் தொடங்கியது. செப்டம்பர் வெயிலில் கறி காத்திருக்காது. மேலே வண்டியிலிருக்கும் ஐஸ் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வெண்டல் ஒரு பின்னந்தொடையை இழுவண்டியில் ஏற்றி, கம்பீரமாக மிதித்துக் கிளம்பினார். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

பொத்தானை அழுத்தினார். பலமாக அழுத்தினார். பேட்டரியைக் கழற்றி ஊதி மாட்டினார். குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில், கொளுத்துகிற வெயிலில் அதைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றினார். பின்னாலேயே முதுகில் ஆளுக்கொரு சுமையோடு வந்த அக்காவும் ஓரினும் இந்தக் கோலத்தில்தான் அவரைக் கண்டார்கள்.

"என்ன மாப்ள, காய்ச்சலா அதுக்கு?" என்றார் ஓரின்.

"தள்ளிக்கிட்டே போயிரலாம் மாமா. கொஞ்சம் பின்னால பிடிங்க."

மூவருமாகத் தள்ளினார்கள். சைக்கிள் நகர்ந்தது. கொஞ்சம் பின்னாலும் நகர்ந்தது. ரோண்டா கையை எடுத்துவிட்டார்.

"டேய், இதை இங்க போடு. தொடையை முதுகுல கட்டு."

"போட்டுட்டுப் போனா யாராவது திருடிருவாங்கக்கா!"

"இந்த மேட்டுல இருந்தா? எவனாச்சும் திருடினா அவனுக்கு நான் ரெண்டு வேளை சாப்பாடு போடுறேன். கீழ இன்னும் பாதிக் கறி தொங்குது. உனக்குச் சோறு முக்கியமா, சக்கரம் முக்கியமா?"

வெண்டல் சைக்கிளைப் பார்த்தார். வசந்தத்திலிருந்து நோயாளிகளிடம் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பிறகு துணிப் பையைப் பார்த்தார். அதைச் சுற்றி ஈ பறந்தது. அக்கா வீட்டுக் காலிக் குளிர்பெட்டியும் கூடவே ஞாபகம் வந்துவிட்டது. இழுவண்டியை அவிழ்த்தார், சைக்கிளைப் புதருக்குள் படுக்க வைத்தார், தொடையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். வழியெல்லாம் புலம்பினார், திட்டினார், உட்கார்ந்தார். ஆனால் ஏறினார். திரும்பவும் இறங்கி, இன்னொரு சுமை எடுத்து ஏறினார். கடைசிப் பை ஐஸ் பெட்டிக்குள் போனபோது கறி கெடாமல் குளுகுளுவென்று இருந்தது. சாயங்காலம் ஓரின் வெண்ணெயில் வதக்கிக் கொடுத்த துண்டை மென்றபடி, "அக்கா, இந்தக் குளிர்காலம் உனக்குக் கோழி கிடையாது" என்றார் வெண்டல். ரோண்டா அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.

மறுநாள் காலை சைக்கிளை மீட்கப் போனார்கள். தள்ளிப் பார்த்து அலுத்துப்போய், வேறு வழியில்லாமல் எங்கள் ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்கள். அதாவது, மானைக் கூறு போடுவதுபோலவே சைக்கிளையும் கூறு போட்டார்கள். முன்சக்கரம் ஒரு பங்கு, பின்சக்கரம் ஒரு பங்கு, நடு உடம்பு ஒரு பங்கு என்று பிரித்துக் கட்டி, முதுகில் ஏற்றினார்கள். கைப்பிடியை வெண்டல் கொம்பைப்போலக் கடைசியாகத் தோளில் போட்டுக்கொண்டார்.

இப்படி வியர்த்து விறுவிறுத்து மூவரும் மேலே வந்து சேர்ந்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். கொழுத்த டயரைத் தட்டிப் பார்த்து ஆசையாகக் கேட்டார்:

"நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். மலைக்கு எப்படிங்க இது?"

ரோண்டா தம்பியைப் பார்த்தார். ஓரின் வானத்தைப் பார்த்தார். வெண்டல் கைப்பிடியைத் தோளிலிருந்து இறக்காமல், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்:

"இது இல்லாம மலைப்பக்கமே போகக் கூடாதுங்க. சத்தமே வராது."

ஆகவே வாசகர்களே, உஷார். இந்த ஜாதிக்கு மருந்து கிடையாது. தொற்றும் தன்மையும் உண்டு. உங்களுக்கு ஒட்டிக்கொண்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டாவது வளைவில் மோட்டார் நின்றதே, அந்த இடத்தைப் படித்தபோது உங்களுக்கு மனத்தில் என்ன தோன்றியது? 'அடடா, கையோடு இன்னொரு பேட்டரி கொண்டுபோயிருக்கலாமே' என்றுதானே?

வாருங்கள். வெண்டலுக்குப் பக்கத்தில் உங்களுக்கும் இடம் இருக்கிறது.