கொள்ளாத கார்

செல்வராஜ் பொய் சொல்கிறான். என் மனைவியின் அண்ணன்தான், இருந்தாலும் இதை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பந்தி நடுவில் நின்றுகொண்டு, நான் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வளைவில் ஒடித்துத் திருப்பத் தெரியாமல் கய்யாலை மண்சுவருக்கு மேலே பறக்கவிட்டு மரச்சீனிக் கிழங்கு விளைக்குள் இறக்கினேன் என்கிறான். நான் இறக்கவில்லை. இறக்கப்பட்டேன்.

எல்லைப் போராட்டக் காலம். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா, எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் போன பஸ் மத்தியானம் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். நான் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து சும்மா இருந்தேன். (வேலை இல்லை. மீசை உண்டு.)

பாறசாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஞானமுத்துவின் மகள் ரஞ்சிதத்தை எனக்குக் கேட்டிருந்தார்கள். அவர் பிடி கொடுக்கவில்லை. ஒருநாள் கூப்பிட்டனுப்பி, "தம்பி, அமரவிளையில ஒரு கார் விலைக்கு நிக்குது. ஓட்டிப் பாத்து உள்ளது சொல்லணும். வண்டியைச் சரியாட்டு பாக்கத் தெரிஞ்சவன் குடும்பத்தையும் பாப்பான்" என்றார். எனக்குப் புரிந்தது. காரைப் பற்றி நான் சொல்வதை வைத்துத்தான் ரஞ்சிதம்.

ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு எஸ்டேட் துரையின் கார் அது. சிறியது, தாழ்ந்தது. கூரை உண்டு, இரண்டே சீட். பந்தயக் கார் ஜாதி, ஆனால் ஜவுளிக்கடைக்காரர் வாங்குகிற விலை. ரெண்டு சீட் கார் எதற்கு என்று கேட்டேன். "பின்சீட் இருந்தா சொந்தக்காரன் ஏறுவான்" என்றார் ஞானமுத்து.

கூட மகன் செல்வராஜை அனுப்பினார். இன்று ரோட்டில் மறியல் ஏதாவது உண்டா என்று அவனிடம் கேட்டேன். "அது நாளைக்காக்கும்" என்றான். குறித்துக்கொள்ளுங்கள்.

துரையின் டிரைவர் வாசுப்பிள்ளை சாவி தந்தார். "பாரமே இல்லா சாரே. காற்று மாதிரி ஓடும்" என்றார். பாரம் இல்லாததுதான் எனக்குச் சந்தேகம். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டப்பா மூடுகிற சத்தம். உட்கார்ந்தால் முழங்கால் மீசையைத் தொடும். வழியில் போகும் ஆடு நம்மை நேருக்கு நேர் பார்க்கும். ஆனால் ஓட்டினேன் பாருங்கள், லாரியில் நான் பட்டதெல்லாம் ஓட்டமே இல்லை. மிதித்தால் கிளம்பியது. பிடித்தால் நின்றது. வளைவில் அசையாமல் ஒட்டிக்கொண்டு போனது. இன்றுவரை அதைவிட நல்ல கார் நான் ஓட்டியதில்லை. மாமாவிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தபோது பாறசாலை வந்துவிட்டது.

நாளைக்கு என்று சொன்ன மறியல் ரோட்டில் உட்கார்ந்திருந்தது.

செல்வராஜ் கதவைத் திறந்து, தெரிந்தவர்களைப் பார்க்க இறங்கிவிட்டான். ஓரத்தில் குடையோடு ஞானமுத்து, காரை எதிர்பார்த்து நின்றார். கூட்டத்திலிருந்து தங்கையன் என்ற தடித்த ஆள் என் பக்கம் குனிந்தான்.

"எலே, வண்டியைத் திருப்பு. எங்க ஆளுவ நாலு பேரு நெய்யாற்றின்கரை மீட்டிங்குக்குப் போவணும்."

"அண்ணே, கொள்ளாது."

"என்னது?"

எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று நான் தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்: "கொள்ளாதுண்ணு சொன்னேன். தலைகீழா நிண்ணாலும் கொள்ளாது."

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. இடம் பற்றாது என்றாலும் கொள்ளாது, நன்றாக இல்லை என்றாலும் கொள்ளாது. நான் முதலாவதைச் சொன்னேன். ஊர் இரண்டாவதைக் கேட்டது.

"மீட்டிங்கு கொள்ளாதாம்லே" என்றது ஒரு குரல்.

"நம்ம ஆளுவ கொள்ளாதுண்ணாக்கும் சொல்லுதான்" என்றது இன்னொன்று.

"போராட்டம் கொள்ளாதவனுக்கு ரோடு எதுக்கு? பிடியுங்கலே" என்றான் தங்கையன்.

ஏழெட்டுப் பேர் பிடித்தார்கள். கார் எழும்பியது. வாசுப்பிள்ளை சொன்னது முழு உண்மை, பாரமே இல்லை. முக்கல் முனகல்கூட இல்லாமல் என்னையும் சேர்த்துத் தூக்கிக் கய்யாலையைத் தாண்டினார்கள். நான் வழி முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். (பட்டாளப் பயிற்சி.) கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். வலது மூலையில், பல்லைக் கடித்துக்கொண்டு, செல்வராஜ்.

மரச்சீனிக்கு நடுவில் பத்திரமாக வைத்தார்கள். காரில் ஒரு கீறல் இல்லை. செடி ஒன்றுகூட ஒடியவில்லை. பறந்து விழுந்த கார் இப்படியா இருக்கும்?

கூட்டம் போனபிறகு ஞானமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, கேட்டேன்."

"மாமா, வண்டி நல்ல வண்டியாக்கும். வாங்குங்க."

"போதும் மக்கா. அத்தனை பேரு நிக்கும்போ பயப்படாம கொள்ளாதுண்ணு சொன்ன. இனி எனக்காவ மாத்திச் சொல்லாண்டாம்."

"அது வண்டியை இல்ல மாமா. ஆளு கொள்ளாதுண்ணு சொன்னேன்."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுவும் உள்ளதுதான். அந்த ஆளுவளும் கொள்ளாது."

இதற்கு மேல் ஒருவரிடம் எப்படி உண்மை சொல்வது? கோயிலில் கல்யாண அறிக்கை வாசித்து, ரஞ்சிதத்தை எனக்குக் கட்டிவைத்தார். அந்தக் காரை, திருப்புறம் என்ற ஊரின் டாக்டர் ஒருவர் வாங்கி, வருஷக்கணக்காக ஓட்டினார். அது சிட்டாகப் பறந்து போகும்போதெல்லாம் மாமா, "பாவம், டாக்டருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமப் போச்சு" என்பார்.

இன்றும் வீட்டில் மிக்சி வாங்கினாலும் மருமகன் எடுத்தாலும் என்னிடம் "கொள்ளுமா, கொள்ளாதா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். ரஞ்சிதம்தான் அதிகம் சிரிப்பாள். சிரிக்கட்டும், அவளுக்கு உரிமை உண்டு. செல்வராஜுக்கு இல்லை.

வருகிற கோயில் அசனத்தன்று ஊரே சாப்பிட உட்கார்ந்திருக்கும், மைக்கும் இருக்கும். செல்வராஜ், அங்கே வந்து எல்லார் முன்னாலும் பதில் சொல். மறியல் அன்றைக்குத்தான் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? அந்த வலது மூலையைத் தூக்கினாயா, இல்லையா? இரண்டு அர்த்தம் வராத ஒரு வார்த்தையில் சொல்.